மணல் லைன்

ஜூன் 14, வெள்ளி

தேன்பாறைக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம் ஆகப்போகிறது. இன்றுதான் கடைசிப் பெட்டியைப் பிரித்தேன். குவார்ட்டர்ஸ் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டி இல்லை. குரங்கு உள்ளே வந்து அரைமூடித் தேங்காயை எடுத்துப் போய்விட்டது. சாரல் பிடித்துக்கொண்டதால் துணி காய்வதில்லை. எல்லாச் சேலையிலும் ஒரு ஈர வாடை.

தங்கை ஃபோன் செய்தாள். மலையில் தனியாக என்னதான் செய்கிறாய் என்றாள். ரயில் விடுகிறேன் என்றேன். ஸ்டேஷன் மாஸ்டர் வேலையை அவளுக்கு இதற்கு மேல் விளக்க எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இங்கே விளக்க வேண்டிய ஒன்று இருக்கிறது. மலையிலிருந்து இறங்கி வரும் தண்டவாளம், ஸ்டேஷனுக்குள் நுழைவதற்கு முன் இரண்டாகப் பிரிகிறது. ஒன்று எங்கள் பிளாட்பாரத்துக்கு வருகிறது. மற்றொன்று மறுபடி மேட்டில் ஏறி, ஒரு மணல் குவியலுக்குள் போய் முடிந்துவிடுகிறது. காகிதத்தில் அதற்குக் கேட்ச் சைடிங் என்று பெயர். இங்கே எல்லோருக்கும் மணல் லைன். வழி எப்போதும் மணலுக்குத்தான் போட்டிருக்கும். இறங்கும் வண்டி அதற்கு முன்னால் முழுக்க நின்று விசில் கொடுக்க வேண்டும். நின்றதைப் பார்த்த பிறகு நான் சாவியைக் கொடுப்பேன். பாயிண்ட்ஸ்மேன், சங்கிலி என்று பெயர், அந்தச் சாவியைப் போட்டு லீவரை இழுத்தால்தான் ஸ்டேஷனுக்கு வழி. பிரேக் போய் ஓடிவரும் வண்டி நேராக மணலில் போய்ப் புதைந்துகொள்ளும். கீழே ஸ்டேஷனில் இருப்பவர்களுக்கு ஒன்றும் ஆகாது.

எனக்குத் தெரிய ஒரு வண்டியும் அதில் போனதில்லை என்றார் சங்கிலி. மழைக்கு அதில் நல்ல புல் முளைக்குமாம். அவர் வீட்டு ஆடு அங்கேதான் மேய்கிறது.

ஜூன் 20, வியாழன்

ஜல்லி ஏற்றிவரும் சரக்கு வண்டி மணல் லைனுக்கு முன் நின்றிருந்தபோது, அதன் லோகோ பைலட் இறங்கி ஆபீசுக்கே வந்துவிட்டார். குற்றாலிங்கம் என்று பெயர், தென்காசிக்காரர். மழைக்கோட்டைக் கழற்றி வெளியே உதறிவிட்டுத்தான் உள்ளே வந்தார். அது எனக்குப் பிடித்தது. ஒரு பலாச்சுளைப் பொட்டலம் கொடுத்தார். மேல் ஸ்டேஷனில் யாரோ கொடுத்ததாம், எல்லா ஸ்டேஷனுக்கும் கொடுக்கிறாராம்.

வந்த காரியம் சண்டை. ஒவ்வொரு தடவையும் நிறுத்தி, விசில் ஊதி, சாவி வந்து, மறுபடி கிளப்புவதற்குள் வண்டி தாமதமாகிறது; தெரிந்த டிரைவர் வரும்போது வழியை முன்கூட்டியே போட்டுவைத்தால் என்ன என்றார். குரலை உயர்த்தவில்லை. கேட்டுவிட்டு, “நான் நிப்பேன்னு உங்களுக்குத் தெரியாதா மேடம்?” என்றார்.

“நின்ன பிறகு தெரியும்” என்றேன்.

சிரித்துவிட்டுப் போனார். மலையில் இறங்குகிறவன் நல்லவனா கெட்டவனா என்று அந்த மணல் பார்ப்பதில்லை. அதற்கு எல்லோரும் ஒன்றுதான். நானும் அப்படித்தான் இருக்க வேண்டும்.

பலாச்சுளை நல்ல இனிப்பு. பக்கத்து ஸ்டேஷனுக்கு ஃபோன் செய்தபோது பேச்சுவாக்கில் கேட்டேன். அங்கே யாருக்கும் பலாச்சுளை வரவில்லை.

ஜூன் 27, வியாழன்

ரயில்வே இன்ஸ்பெக்டர் ஒருவர் தண்டவாள டிராலியில் வந்தார். வண்டிகள் தாமதமாவதற்கு என் ஸ்டேஷன்தான் காரணம் என்பதுபோலப் பேசினார். எழுத்தில் கொடுங்கள், முன்கூட்டியே வழி போடுகிறேன் என்றேன். காபி குடித்தார், எழுத்தில் எதுவும் கொடுக்காமல் போய்விட்டார்.

குற்றாலிங்கம் வந்தார். மனைவி இறந்து சில வருஷங்கள் ஆகின்றனவாம். ஒரே மகள், தாரணி, கல்லூரியில் கடைசி வருஷம். அவளுக்குக் காலையில் இட்லி அவித்து வைத்துவிட்டுத்தான் டூட்டிக்கு வருவாராம். மாவு புளிக்காமல் இருக்க என்ன செய்வது என்று கேட்டார். என் கல்யாணம் இரண்டு வருஷத்தில் முடிந்துபோனதைப் பற்றி நானாகச் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. குவார்ட்டர்ஸில் கொண்டியில்லாத ஜன்னலைப் பார்த்துவிட்டு, அளவெடுத்துக்கொண்டு போனார்.

ஜூலை 3, புதன்

கொண்டி வந்தது. சரியாகப் பொருந்துகிறது. நீலச் சேலையைத் தேய்த்துக் கட்டியிருந்தேன். மற்றவை காயவில்லை என்பதால்தான்.

ஜூலை 9, செவ்வாய்

ஜல்லி வண்டி மணல் லைனில் போய்விட்டது. எல்லோரும் உயிரோடு இருக்கிறார்கள். எழுத முடியவில்லை.

ஜூலை 10, புதன்

விசாரணையில் எழுத்தில் கேட்பார்கள். அதற்காகவாவது நடந்ததை ஒழுங்காக எழுதி வைத்துக்கொள்ள வேண்டும்.

முற்பகல். கீழிருந்து வந்த பாசஞ்சர் இரண்டாம் லைனில் நின்றுகொண்டிருந்தது. மேலிருந்து ஜல்லி வண்டி இறங்கி ஒன்றாம் லைனுக்கு வந்த பிறகுதான் அது ஏற முடியும். சீசன் கூட்டம். எங்கள் ஸ்டேஷனிலிருந்து அருவி தெரியும். பாசஞ்சரில் வந்தவர்கள் கூட்டமாக இறங்கி, காலியாகக் கிடந்த ஒன்றாம் லைனில் நின்று படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். மைக்கில் சொன்னேன். சங்கிலி கையைத் தட்டி விரட்டினார். இந்தப் பக்கம் விலகியவர்கள் கொஞ்ச தூரம் தள்ளிப்போய் மறுபடி இறங்கினார்கள்.

பிறகு விசில் கேட்டது. நின்றுவிட்டேன், வழி கொடு என்று கேட்கிற நீள விசில் இல்லை. துண்டு துண்டாக, விடாமல் வந்தது. ஆபத்து என்பதற்கு அப்படித்தான் ஊத வேண்டும். பயிற்சியில் கேட்டதோடு சரி. தண்டவாளத்தில் நான் அதைக் கேட்டது நேற்றுத்தான்.

வாக்கி-டாக்கியில் ஏதோ வந்தது. மழை இரைச்சல். தெளிவாக இல்லை.

சாவியை நான் கொடுக்கவில்லை. வழி மணலுக்கே இருந்தது. வண்டி வளைவில் தெரிந்தபோதே நிற்காது என்று தெரிந்தது. தண்டவாளம் பிரியும் பாயிண்டில் ஏறியதும் எஞ்சின் ஒருபக்கம் சாய்ந்தாற்போல் திரும்பி மேட்டில் ஏறியது. உதவி பைலட் ரெஜின், மார்த்தாண்டத்துப் பையன், ஏற்றத்தில் வேகம் குறைந்ததும் குதித்துவிட்டான். குற்றாலிங்கம்தான் குதிக்கச் சொன்னாராம். கை முறிந்ததோடு போயிற்று. எஞ்சின் மணலைப் பிளந்துகொண்டு போய் நின்றது. பின்னால் வந்த வேகன்கள் உடனே நிற்கவில்லை. முதல் வேகன் எஞ்சினின் முதுகில் ஏறியது. குற்றாலிங்கத்தின் வலது கால் உள்ளே மாட்டிக்கொண்டது.

இரும்பை அறுக்க ஆட்கள் வரும் வரை நான் அங்கே உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்த்தார். தண்ணீர் கேட்டார், கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது என்று டாக்டர் பிறகு சொன்னார்.

கீழே பாசஞ்சரில் இருந்தவர்கள் இன்னும் எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தம் கேட்டு ஓடிவந்தவர்கள் அதையும் படம் பிடித்தார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. தங்களுக்கு என்ன நடக்காமல் போயிற்று என்பது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

ஜூலை 13, சனி

அவர் காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். ரெஜின் ஃபோனில் சொன்னான்.

பால்காரரிடம் இரண்டு பாக்கெட் வாங்கினேன். ஒன்று போதும் என்பது வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது.

ஜூலை 17, புதன்

மேலே ஜல்லி ஏற்றிய இடத்திலோ வழியிலோ இரண்டு வேகன்களுக்கு நடுவே இருந்த பிரேக் காற்றுக்குழாயின் திருகு மூடிக்கொண்டிருக்கிறது. உருண்ட கல் பட்டதா, யாருடைய கையாவது பட்டதா என்று தெரியவில்லை. அதற்குப் பின்னால் இருந்த வேகன்கள் எதற்கும் பிரேக் இல்லை. முன்னால் இருப்பதை வைத்துக்கொண்டு, ஈரத் தண்டவாளத்தில், அவர் முடிந்தவரை பிடித்துப் பார்த்திருக்கிறார்.

குவார்ட்டர்ஸில் பேச்சு வேறு மாதிரி ஓடுகிறது. ஒன்றாம் லைன் காலியாகத்தானே கிடந்தது, வழி விட்டிருந்தால் ஸ்டேஷனைத் தாண்டி ஓடி, கீழே சமதளத்தில் நின்றிருக்கும், ஒரு மனுஷன் காலை எடுத்துவிட்டாள் என்கிறார்கள். காலியாகவா கிடந்தது? லைனில் நின்றவர்களை அவர்கள் பார்க்கவில்லை. வண்டி வந்திருந்தால் எல்லோரும் பதறி விலகியிருப்பார்கள் என்று ஒருவர் என் முகத்துக்கு நேரே சொன்னார். விலகியிருக்கலாம். அதைச் செய்து பார்க்கிற வேலை எனக்குக் கொடுக்கப்படவில்லை.

சங்கிலி வீட்டிலிருந்து தினமும் வந்துகொண்டிருந்த மோர் நின்றுவிட்டது. சங்கிலி மட்டும் எப்போதும்போல வருகிறார், பேசாமல் விளக்குகளைத் துடைக்கிறார். இன்று கிளம்பும்போது, “விசாரணையில என்ன சொல்லணும் மேடம்?” என்று கேட்டார்.

“கேட்டதைச் சொல்லுங்க.”

“எனக்குச் செவி அவ்வளவா கேக்காதுல்லா” என்றார். அவருக்கு நன்றாகவே கேட்கும்.

ஜூலை 21, ஞாயிறு

மதுரை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தேன். வார்டு வாசலில் ஒரு பெண் தூக்குவாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள். குற்றாலிங்கத்தின் நெற்றி அவளுக்கு அப்படியே இருந்தது. பெயரைச் சொன்னேன்.

“நீங்கதான் அந்த ஸ்டேஷன் மாஸ்டரா?” என்றாள் தாரணி.

ஆமாம் என்றேன்.

“அப்பா தூங்குதாங்க.”

கதவு திறந்துதான் இருந்தது. அவர் தூங்கவில்லை, சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். போர்வை ஒரு பக்கம் தட்டையாக இருந்தது. நான் வாங்கிப் போன சாத்துக்குடியை அவள் வாங்கிக்கொள்ளவில்லை. வெளியே நர்ஸிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. கண்ணில் தூசி.

ஜூலை 29, திங்கள்

நேற்று ஞாயிறும் மதுரை போகலாம் என்றிருந்தேன். மாற்று ஆள் கிடைக்கவில்லை. மழை வேறு. கேட்டுப் பார்த்திருந்தால் மாற்று ஆள் கிடைத்திருக்கலாம்.

கிரேன் வந்து எஞ்சினைத் தூக்கிவிட்டது. புது மணல் கொட்டினார்கள். வேலை முடிந்ததும் தண்டவாளத்தைப் பரிசோதித்துக் கையெழுத்துப் போட்டேன். மறுபடி வழியை மணலுக்குப் போட்டுப் பூட்டிவிட்டுச் சாவியை என்னிடம் கொடுத்தார் சங்கிலி.

ஆகஸ்ட் 5, திங்கள்

ரெஜின் வந்தான், கையில் கட்டோடு. விசாரணையைப் பற்றிய கவலை அவனுக்கு. பிரேக் விஷயத்தில் பைலட் மேல் தப்பில்லை என்று ஆகிவிடும் போலிருக்கிறதாம். ஆனால் வேறு ஏதாவது விதிமீறல் என்று கண்டுபிடித்தால் அவருக்கு மாற்று வேலை கிடைப்பது இழுத்துக்கொண்டே போகும் என்று யூனியனில் சொன்னார்களாம். இதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். பிறகு தரையைப் பார்த்தான்.

அவனும் அந்த எஞ்சினில் இருந்தவன். அவனுக்கும் காது உண்டு.

டீ கொடுத்தேன். இரைச்சலில் ஒன்றும் தெளிவாகக் கேட்கவில்லை என்றேன். அவன் தலையாட்டினான். டீயைக் குடித்து முடிக்கும் வரை இரண்டு பேரும் மழையைப் பற்றியே பேசினோம்.

ஆகஸ்ட் 14, புதன்

விசாரணை முடிந்தது. திரும்பி வரும் வண்டியில் இதை எழுதுகிறேன். எழுத்து ஆடுகிறது.

டிவிஷன் ஆபீசில் ஒரு நீள மேஜை. விசாரணை அதிகாரி வயதானவர். ஒவ்வொரு கேள்விக்கும் முன் கண்ணாடியைக் கழற்றி வைத்துக்கொள்வார். சாட்சிகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார்கள். என்னிடம் விசில், வழி, சாவி எல்லாம் கேட்டார். வாக்கி-டாக்கியில் என்ன வந்தது என்றார். மழை இரைச்சல், தெளிவாக இல்லை என்றேன். எனக்கு முன் ரெஜின் அதையே சொல்லியிருந்தான். எனக்குப் பின் சங்கிலியும் செவியைக் காட்டி அதையே சொல்லியிருக்கிறார்.

பிறகு குற்றாலிங்கத்தை உள்ளே கொண்டுபோனார்கள். சக்கர நாற்காலியைத் தாரணிதான் தள்ளினாள். இளைத்துப்போய்விட்டார். சட்டை தொளதொளவென்று கிடந்தது. என்னைத் தாண்டிப் போனபோது அவர்கள் இருவரும் என் பக்கம் பார்க்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் என்னை மறுபடி கூப்பிட்டார்கள். அதிகாரி கண்ணாடியைக் கழற்றியிருந்தார். பைலட் ஒரு விஷயம் சொல்கிறார், உங்கள் முன்னால் இன்னொரு தடவை சொல்லட்டும் என்றார்.

குற்றாலிங்கம் மேஜையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னார். “மணல் லைனுக்கு மேல வரும்போதே பிரேக் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு சார். ரெஜின் பக்கத்துல நிக்கான். எனக்குக் கை கால் ஓடல. வாக்கி-டாக்கி செட்டை எடுத்து, வடிவு, லைனைக் குடு, வடிவு, லைனைக் குடுன்னு கேட்டேன். பேரைச் சொல்லித்தான் கேட்டேன். விதி தெரியாம இல்ல. பயத்துல கேட்டேன்.”

சுருக்கெழுத்து எழுதுகிறவர் என் முழுப் பெயரை எடுத்துப் பார்த்தார். சண்முகவடிவு.

“அவங்க குடுக்கல” என்றார் குற்றாலிங்கம். “குடுத்திருந்தா அந்த லைன்ல நின்ன ஜனங்களை ஏத்திக் கொன்னுட்டு, நானும் கீழ எங்கேயோ போய் விழுந்திருப்பேன். இதை நான் சொல்லலைன்னா அவங்க சொல்ல மாட்டாங்க.”

அதிகாரி என்னிடம் திரும்பினார். கேட்டதா என்றார்.

“கேட்டது.”

ஏன் முதலில் சொல்லவில்லை என்றார். பதில் சொல்ல முயன்றேன். சொல்வதற்கு அலுவலக வார்த்தை எதுவும் இல்லை. அதிகாரி, சாட்சி பதில் சொல்லவில்லை என்று எழுதிக்கொள்ளச் சொன்னார். அதைக் கடுமையாகச் சொல்லவில்லை.

தாரணி நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முதல் தடவையாக என்னை நேராகப் பார்த்தாள். அவள் பார்த்ததை வைத்து எதையும் முடிவு செய்யக் கூடாது. அப்பாவின் வாயிலிருந்து ஒரு பெயர் வந்தால் எந்த மகளும் பார்ப்பாள்தான்.

ஆகஸ்ட் 15, வியாழன்

கொடியேற்றினோம். சங்கிலியின் மனைவி வந்து மிட்டாய் கொடுத்தாள். மோர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். சரி என்றேன்.

முந்தைய பக்கங்களைப் புரட்டிப் பார்த்தேன். இரைச்சல், தெளிவாக இல்லை என்று நானே எழுதி வைத்திருக்கிறேன். எனக்கு நானே எழுதிக்கொள்கிற இடத்தில்கூட. ஒவ்வொரு எழுத்தும் தெளிவாகத்தான் கேட்டது. அதற்கு முன் அவர் என்னை ஒரு நாளும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. முதன்முதலாக அழைத்தது அப்படி.

இந்தப் பக்கத்தை அடிக்காமல் விடுகிறேன்.

ஆகஸ்ட் 30, வெள்ளி

தீர்ப்பு வந்துவிட்டது. விபத்துக்குக் காரணம் காற்றுக்குழாய்த் திருகு. பைலட், வழியை மாற்றச் சொல்லிக் கேட்டது தவறு. ஆனால் அதனால் எதுவும் நடக்கவில்லை, தானாக ஒப்புக்கொண்டார் என்பதால் கண்டிப்போடு விட்டுவிட்டார்கள். தென்காசியிலேயே உட்கார்ந்து பார்க்கிற வேலை கொடுக்கப்போகிறார்களாம். எனக்கு இரண்டு காகிதங்கள். ஒன்று, விதியைக் காத்து விபத்தைப் பெரிதாகாமல் தடுத்ததற்குப் பாராட்டு. மற்றொன்று, விசாரணையில் உண்மையை மறைத்ததற்கு எச்சரிக்கை. இரண்டிலும் ஒரே அதிகாரி கையெழுத்துப் போட்டிருக்கிறார்.

இரண்டும் சரிதான்.

செப்டம்பர் 8, ஞாயிறு

காலைப் பாசஞ்சரில் தாரணி வந்து இறங்கினாள். தனியாக. அருவி பார்க்க வந்த கூட்டத்தோடு இறங்கியதால் முதலில் அடையாளம் தெரியவில்லை. ஆபீஸ் வாசலில் வந்து நின்று, “அந்த இடத்தைப் பார்க்கணும்” என்றாள்.

அடுத்த வண்டிக்கு நேரம் இருந்தது. கூட்டிப்போனேன். சாரல் விட்டிருந்தது. மணல் லைனில் புல் புதிதாக முளைத்திருந்தது. சங்கிலியின் ஆடு எங்களைப் பார்த்து விலகிப் போயிற்று. எஞ்சின் போய் நின்ற இடத்தைக் காட்டினேன். அவள் குனிந்து மணலைத் தொட்டாள். நசநசவென்று ஈரம். இவ்வளவு மெத்தென்று இருக்கிறதே, இது எப்படி அவ்வளவு பெரிய வண்டியை நிறுத்தியது என்று கேட்டாள். மெத்தென்று இருப்பதால்தான் என்றேன். சுவரில் மோதினால் ஒன்றும் மிஞ்சாது.

மேட்டிலிருந்து ஸ்டேஷன் முழுவதும் தெரியும். ஒன்றாம் லைனில் இன்றும் ஆட்கள் நின்றார்கள். சங்கிலி கையைத் தட்டி விரட்டிக்கொண்டிருந்தார். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீட்டில் அப்பா அந்தக் கூட்டத்தைப் பற்றித்தான் பேசுகிறார், காலைப் பற்றிப் பேசுவதில்லை என்றாள்.

பிறகு கேட்டாள். “அப்பா கேட்டப்ப, உங்களுக்குக் குடுத்திரலாம்னு தோணவே இல்லையா?”

இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இல்லை என்று சொல்லியிருப்பேன்.

“சாவியை எடுத்துட்டேம்மா” என்றேன். “கையில எடுத்துக்கிட்டு லீவர் இருக்க கேபின் வாசல் வரைக்கும் போயிட்டேன். சங்கிலி கையை நீட்டிட்டார்.”

அவள் திரும்பிப் பார்த்தாள்.

“வேற யார் கேட்டிருந்தாலும் அந்தச் சாவியை நான் தொட்டிருக்க மாட்டேன். உங்கப்பா குரல் கேட்டதும் தானா கை போயிட்டு. அது தெரிஞ்சதும்தான் எனக்குப் பயம் வந்துது. அப்படியே நின்னுட்டேன்.”

சொல்லி முடித்ததும் மணல் மேட்டின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டேன். நல்ல யூனிஃபார்ம். பின்பக்கம் முழுக்க ஈரமாகிவிட்டது.

தாரணியும் பக்கத்தில் உட்கார்ந்தாள். அம்மா போன பிறகு வீட்டில் யாரும் யாருடைய பெயரையும் சொல்லி அழைப்பதில்லை, அவளை அப்பா பாப்பா என்பார், அவள் அப்பா என்பாள், அவ்வளவுதான் என்றாள். அதனால்தான் அன்றைக்கு விசாரணை அறையில் அவர் வடிவு என்று சொன்னபோது யாரைச் சொல்கிறார் என்றே முதலில் புரியவில்லையாம்.

அவளுடைய வண்டி வருகிற நேரம் ஆகிவிட்டது. இறங்கி வரும் வழியில், மாடிப்படி ஏற முடியாததால் தரைத்தளத்தில் வேறு வீடு பார்த்திருப்பதாகச் சொன்னாள். அடுத்த ஞாயிறு பால் காய்ச்சுகிறார்களாம்.

“நீங்க வரணும்” என்றாள்.

“அப்பா சொல்லச் சொன்னாரா?”

“இல்ல. நான் இங்க வந்ததே அவங்களுக்குத் தெரியாது.”

மேலிருந்து வந்த வண்டி மணல் லைனுக்கு முன்னால் நின்று விசில் கொடுத்தது. நின்றதைப் பார்த்தேன். சாவியைக் கொடுத்தேன். அவள் அதில் ஏறிப் போனாள்.

செப்டம்பர் 15, ஞாயிறு

தென்காசி போய் வந்தேன். மாற்று ஆள் கேட்டதும் கிடைத்தது.

கீழப்புலியூர்ப் பக்கம், சின்ன வீடு. வாசலில் வேம்பு. நான் போனபோது பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்திருந்தது. நல்லதுதான் என்றார்கள் சொந்தக்காரர்கள். என்னை யார் என்று கேட்டவர்களுக்கு, ஸ்டேஷன் மாஸ்டர் என்று தாரணி சொன்னாள். அந்த ஸ்டேஷன் மாஸ்டரா என்று ஒரு அம்மா கேட்டார். ஆமா, அவங்கதான் என்று சொல்லிவிட்டு, எனக்கு இலை போட்டாள்.

குற்றாலிங்கம் என்னைப் பார்த்ததும் கட்டைகளை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார். உட்காருங்கள் என்றேன். இருவரும் கொஞ்ச நேரம் வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். புதுக்கால் எப்போது வரும் என்று கேட்டேன். காயம் ஆறியதும் அளவெடுப்பார்களாம். புது வேலையில் நாற்காலிதான், ஆனால் வண்டிச் சத்தம் ஜன்னல் வழியே கேட்கும் என்றார். பிறகு, “அன்னிக்கு உங்ககிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாது” என்றார்.

கேட்டதில் தப்பில்லை, நான் கொடுக்கக் கூடாது, அவ்வளவுதானே என்றேன்.

அவர் தலையாட்டினார். அதற்குமேல் நாங்கள் அதைப் பேசவில்லை. இனியும் பேச வேண்டியிருக்காது என்று நினைக்கிறேன்.

பாத்திரம் கழுவ ஒத்தாசை செய்தேன். தாரணிக்கு மாவு ஆட்டும் பக்குவம் சொன்னேன். கிளம்பும்போது அவர் வாசல் வரை வழியனுப்ப வருவேன் என்று பிடிவாதம் பிடித்தார். புதிய தரை, வழுக்கும். கட்டையை வைத்து, நின்று, மூச்சு வாங்கி, மறுபடி வைத்து, அந்தச் சின்ன முற்றத்தைக் கடக்க அவருக்கு வெகுநேரம் பிடித்தது. நான் முன்னால் போகவில்லை. தெருமுனையில் மலைக்குப் போகும் பஸ் வந்து நின்று, ஹாரன் அடித்து, கிளம்பிப் போயிற்று.

அடுத்த பஸ் எப்போது என்று நாங்கள் யாரும் கேட்டுக்கொள்ளவில்லை.